கேட்காமல் அளந்த பத்தொன்பது நாட்கள்

தம்பி,

ஒரே வீட்டில் இருக்கிற மகனுக்குக் கடிதம் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். பெட்டிக்குப் பூட்டும், ஜெர்மனி பிளக்குக்கு ஒரு அடாப்டரும் வாங்க நீ சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் போயிருக்கிறாய். அப்பா கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத்தான் வருவாய். நேரில் சொல்லக்கூடியதை எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். நேரில் சொல்ல முடிந்திருந்தால் நான்கு வருடம் முன்பே சொல்லியிருப்பேன். வியாழக்கிழமை விமானம். இனி தள்ளிப்போட நாள் இல்லை என்பதால்தான் இன்று லீவு போட்டுவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று சாயங்காலம் நீ பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாய். நான் வாசற்படியில் நின்று, ஸ்வெட்டர் இரண்டும் வைத்தாயா, பருப்புப்பொடி வைத்தாயா, கம்பளி சாக்ஸ் வைத்தாயா என்று வரிசையாகக் கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அம்மா, எல்.கே.ஜி.லேருந்து நீ என் பையைப் பத்தித்தான் கேட்டுக்கிட்டிருக்க. என்னைப் பத்தி ஒண்ணு கேட்டதா எனக்கு ஞாபகமே இல்ல." கூடத்திலிருந்து அப்பா, "அவ கேட்டுட்டா மட்டும் நீ சொல்லிடப்போறியாக்கும்" என்றார். நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். நீ வருத்தத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நீ சொன்னது உண்மை. அது ஏன் அப்படி ஆனது என்று உனக்குத் தெரிய வேண்டும். அதில் நான் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன்னை விமானம் ஏற்றிவிட எனக்கு மனசு வரவில்லை.

நான் வாயில்லாத பெண்ணாக வளர்ந்தேன். உன் தாத்தா காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்கியவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அங்கே எல்லாரும் இங்கிலீஷில் பேசுவது போலவும் எனக்கு மட்டும் தமிழே மறந்துபோனது போலவும் இருக்கும். வருகைப்பதிவு எடுக்கும்போது "எஸ் சார்" என்று சொல்வேன், முன் பெஞ்சுக்கே கேட்காது. வகுப்பில் உட்கார்ந்துகொண்டே எத்தனையோ நாள் ஆப்சென்ட் வாங்கியிருக்கிறேன். எழுந்து நின்று, நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டுமே, அதைவிட ஆப்சென்ட் பரவாயில்லை என்று இருந்துவிடுவேன். பேசாதவளுக்குக் கண் கூடுதலாகத் திறந்துகொள்ளும் போலிருக்கிறது. யார் புதுச் செருப்பு போட்டிருக்கிறார்கள், யார் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள், எல்லாம் எனக்குத் தெரியும்.

எனக்கு வேலை கிடைத்ததும் கண்ணால்தான். உனக்கு அப்போது இரண்டு வயது. காட்டூரில் வாடகைக்கு இருந்தோம். ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வுக்கூடத்துக்கு உதவியாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். பேராசிரியர் நாலு கேள்வி கேட்டார். நாலுக்கும் பதில் தெரியும், ஒன்றுக்கும் வாய் வரவில்லை. அவர் பைலை மூடிவிட்டார். அப்போது மூலையில் இருந்த உலையின் மீட்டரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மின்விசிறியைப் போடும்போதும் அணைக்கும்போதும் அதில் எண் ஒருமுறை குதித்து அடங்கியது. விரலை நீட்டி அதை மட்டும் காட்டினேன். எர்த் ஒயர் கழன்றிருந்தது. "ரெண்டு வாரமா அந்த ரீடிங்கோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கோம். பேசத் தெரியாட்டிப் போகுதும்மா, பாக்கத் தெரியுதே" என்றார். மறுநாள் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றுவரை அதே கூடம்தான்.

அங்கே என்ன செய்கிறேன் என்று சின்ன வயதில் நீ கேட்டபோதெல்லாம் "சூடு பாக்கிற வேலை" என்று சொல்லி முடித்துவிடுவேன். நீ பள்ளிக்கூடத்தில் போய், எங்கம்மா தோசைக்கல்லில் சூடு பார்ப்பாங்க என்று சொல்லிவிட்டு வந்தாய். நீயே இஞ்சினியர் ஆன பிறகு விளக்கமாகச் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. ஆனாலும் நான் சொல்ல வந்த விஷயம் அதற்குள்தான் இருப்பதால், உனக்குத் தெரிந்ததையே என் வாயால் ஒருமுறை கேள். இரண்டு வேறு வேறு உலோகங்களை ஒரு நுனியில் சேர்த்து, அந்த நுனியைச் சூட்டில் வைத்து, மறுமுனைகளைக் குளிர்ச்சியில் வைத்தால் துளியூண்டு மின்னழுத்தம் பிறக்கும். அதை அளந்து சூட்டைச் சொல்வதுதான் தெர்மோகப்பிள். கம்பியில் செய்தது எல்லா உலையிலும் இருக்கும். ஆனால் ஆயிரம் டிகிரி வாயு சீறிப் பாய்கிற இறக்கை மாதிரியான ஒரு டர்பைன் பிளேடின் மேல் கம்பியை ஒட்டினால், அந்தக் கம்பியே காற்றை மறிக்கும், பிளேடின் சூட்டையும் மாற்றிவிடும். அப்புறம் கிடைக்கிற எண், கம்பி இருக்கும் பிளேடின் சூடு. கம்பி இல்லாத பிளேடு எப்படி இருந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

அதனால்தான் நாங்கள் கம்பியை விட்டுவிட்டுப் படலம் போடுகிறோம். பெரிய குக்கர் மாதிரி ஒரு பாத்திரத்துக்குள் பிளேடை வைத்து, உள்ளிருக்கும் காற்றை எல்லாம் உறிஞ்சிவிட்டு, கொஞ்சம் ஆர்கான் வாயுவை விட்டு மின்சாரம் கொடுத்தால், பிளாட்டினத் தகட்டிலிருந்து அணுக்கள் தெறித்து வந்து பிளேடின் மேல் படியும். அடியில் மின்சாரம் கசியாமல் இருக்கப் பீங்கான் மாதிரி ஒரு படலம். அதன் மேல் பிளாட்டினத்தில் ஒரு கோடு, பிளாட்டினமும் ரோடியமும் கலந்ததில் இன்னொரு கோடு, இரண்டும் ஒரு நுனியில் சந்திக்கும். தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிசு. விரலால் தடவினால் தெரியாது. முதல் தடவை அதை எனக்குக் காட்டியபோது பேராசிரியர், "அளக்கிறோம்னு அதுக்கே தெரியக் கூடாதும்மா, அதுதான் இதுல விசேஷம்" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது என்று சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து நான் செய்துகொண்டிருந்த காரியத்துக்கு ஒரு மரியாதையான பெயர் கிடைத்தது போல இருந்தது. இருக்கிற இடம் தெரியாமல் இருப்பது, யாரையும் தொந்தரவு செய்யாமல் கவனிப்பது. என் கூச்சத்தை இனிக் குறையென்று நினைக்க வேண்டாம், அது ஒரு நல்ல கருவியின் குணம் என்று நானே முடிவு செய்து, வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். உன்னை அப்படித்தான் வளர்த்தேன். நீ அழுதால் உன் தட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பேன், ஏன் அழுகிறாய் என்று கேட்க மாட்டேன். நோட்டில் உன் கையெழுத்து எந்தப் பக்கமாகச் சாய்கிறது என்று பார்ப்பேன். நீ வீட்டுக்குள் வரும்போது செருப்பைக் கழற்றுகிற சத்தத்தை வைத்து அன்றைக்கு உனக்கு எப்படிப் போயிருக்கும் என்று சொல்வேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு.

உன் அப்பா நேர் எதிர். மோட்டாருக்குச் செப்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவர். ஓடுகிற மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்து, "ஐயோ கொதிக்குது, நிறுத்துய்யா" என்று கத்துவார். அவருடைய தெர்மாமீட்டர் அவ்வளவுதான். உன்னையும் அப்படித்தான். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் "என்னடா மூஞ்சி இப்படி இருக்கு, எவன் என்ன சொன்னான்?" என்று கேட்டு உன் மானத்தை வாங்குவார். நீ கூனிக்குறுகி என் பின்னால் வந்து நிற்பாய். நான் ஒன்றும் கேட்காமல் உனக்கு ஒரு டம்ளர் மோர் கொடுப்பேன். நான்தான் உனக்குச் சரியான ஆள் என்று அப்போதெல்லாம் மனசுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நீ காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஸ்ரீரங்கத்துக்கு வீடு மாற்றி வந்திருந்தோம். ஒரு திங்கட்கிழமை நான் எப்போதும் போல சத்திரத்துக்கு பஸ் ஏறினேன். மாம்பழச்சாலையில் பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். காலேஜ் பஸ்ஸில் ஏறிப்போயிருக்க வேண்டிய நீ, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மா மண்டபம் ரோட்டில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாய். உனக்கு யாரோடாவது பேசிக்கொண்டு நடக்கிற நடை ஒன்று உண்டு, தனியாக நடக்கிற நடை ஒன்று உண்டு. இது இரண்டும் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

நீ மண்டபத்துக் காவிரிப் படித்துறையில் உட்கார்ந்திருந்தாய். ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தாய். சுற்றிலும் திதி கொடுக்க வந்தவர்கள், எள்ளும் தண்ணீரும், மந்திரம் சொல்கிற சத்தம். நடுவில் பத்தொன்பது வயதில் நீ மட்டும் சும்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பதினோரு மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்து, நான் கட்டிக் கொடுத்த எலுமிச்சம் சாதத்தைப் பாதி தின்றுவிட்டு மூடினாய். நான் மண்டபத்துத் தூணுக்கு இந்தப் பக்கம், பூ விற்கிற ஒரு அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ரொம்ப நேரம் நின்றதால் அந்த அம்மா பேச்சுக் கொடுத்தார்கள்.

"யாரைம்மா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? அந்தத் தம்பியையா?"

"சும்மா நிக்கிறேங்க."

"நாலஞ்சு நாளா வருது. பாவம், யார்கிட்டயும் பேசறதில்ல. எந்திரிச்சுப் போறப்போ மட்டும் 'வரேங்க'ன்னு சொல்லிட்டுப் போகும். உங்க புள்ளையா?"

நான் சொன்னேன், தம்பி. அப்படியே எழுதுகிறேன். "இல்லைங்க, தெரிஞ்ச புள்ள."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நான்கு வருடமாக என்னையே கேட்டுவிட்டேன். ஆமாம் என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், அந்த அம்மா உன்னைக் கூப்பிட்டுவிடுவார்கள், நீ திரும்பிப் பார்ப்பாய், நான் பேச வேண்டியிருக்கும். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் எழுந்து நின்று, இருக்கிறேன் என்று சொல்ல முடியாத அதே பெண்தான் அங்கேயும் நின்றாள். இந்தத் தடவை ஆப்சென்ட் விழுந்தது உனக்கு.

அன்றிலிருந்து நான் பார்த்த வரையில் பத்தொன்பது நாள். காலையில் உன்னை அனுப்பிவிட்டு, பின்னாலேயே வந்து அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போவேன். ஆய்வுக்கூடத்தில் காலைப் பர்மிஷன் எல்லாம் தீர்ந்துபோனது. நீ பதினோரு மணிக்கே சாப்பிடுகிறாய் என்று தெரிந்ததால், சாயங்காலம் வரை தாங்கட்டும் என்று இரண்டாவது டப்பா ஒன்று கூடுதலாக வைத்தேன். வெயில் ஏறியதும் குடையை எடுத்துப் பைக்குள் செருகினேன். "மழையே இல்லையேம்மா" என்றாய். "இருக்கட்டும்" என்றேன். அந்த மாதம் ஆற்றில் மணல் திட்டுத் தெரிந்தது. ஆனாலும் அணையில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்று தினமும் பேப்பரில் பார்த்தேன். எதற்காகப் பார்த்தேன் என்று நீயே புரிந்துகொள்வாய். எனக்கு நீச்சல் தெரியாது. அந்தப் பயத்தோடும் நான் உன்னிடம் வந்து பக்கத்தில் உட்காரவில்லை. தொந்தரவு செய்தால் நீ உடைந்துவிடுவாய் என்று நினைத்தேன். நான் பார்ப்பது உனக்குத் தெரியாதவரை நீ பத்திரமாக இருப்பாய் என்று, எந்த அறிவாளியும் நினைக்காத ஒன்றை, டிகிரி படித்த நான் நினைத்தேன்.

இருபதாம் நாள் நீ படித்துறைக்கு வரவில்லை. காலேஜுக்குப் போயிருந்தாய். எது உன்னைத் திருப்பி அனுப்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வருகை குறைந்ததால் பரீட்சை எழுத விடவில்லை, அந்த செமஸ்டர் போனது. காலேஜிலிருந்து கடிதம் வந்த அன்றைக்கு அப்பா வீடே அதிரக் கத்தினார்.

"என்னடா ஆச்சு ஒனக்கு? எங்கடா போன இத்தனை நாளு? சொல்லுடா."

"ஒண்ணுமில்லப்பா. வயிறு சரியில்ல, லைப்ரரில உக்காந்திருந்தேன்."

"ஒரு மாசமாவா வயிறு சரியில்ல? நீ கேளுடி இவனை."

நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். நீ ஒருமுறை என்னைப் பார்த்தாய். நான் கத்தியைப் பார்த்தேன். அப்பாவின் குரல் தப்பு, நேரம் தப்பு, ஆனால் கேள்வி சரியான கேள்வி. வீட்டில் அதைக் கேட்டது அவர் ஒருத்தர்தான். நான் அப்போதுதான் விஷயம் தெரிந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் நீ மீண்டும் படித்தாய், நல்ல மார்க் வாங்கினாய், வேலைக்குப் போனாய், இப்போது ஜெர்மனிக்கு மேல்படிப்பு. எல்லாம் தானே சரியாகிவிட்டது, நான் பேசாமல் இருந்ததே நல்லது என்று நானும் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். போன வருடம் வரைக்கும்.

போன வருடம் ஆய்வுக்கூடத்தில் நாசர் பாய்க்குக் கை வெந்தது உனக்கு நினைவிருக்கும். பாலக்கரையில் இருந்து வருவாரே, எங்கள் டெக்னீஷியன். மெஷின் கோளாறு என்றுதான் வீட்டில் சொன்னேன். கோளாறு மெஷினில் பாதி, என்னிடம் பாதி. படலம் போட்ட ஒரு பிளேடைத் தீயில் காட்டிச் சோதித்தோம். பிளேடின் அடிப்பாகத்தைத் தண்ணீர் ஓடுகிற ஒரு பிடி கவ்விக்கொண்டிருக்கும். தீயை அணைத்த பிறகு அது ஆற முக்கால் மணி நேரமாவது ஆகும். அன்றைக்குப் பத்தே நிமிடத்தில் டிஸ்பிளேயில் முப்பத்தாறு என்று வந்தது. எல்லாவற்றையும் கவனிக்கிற நான், இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று யோசிக்கவில்லை. எண் அமைதியாக இருந்தது, அது போதுமாக இருந்தது. "ஆறிடுச்சு பாய்" என்றேன். அவர் ஒரு சின்ன நட்டைத் திருப்புவதற்காகக் கையுறையைக் கழற்றிவிட்டுப் பிளேடைப் பிடித்தார். அந்தச் சூட்டில் உலோகம் சிவக்காது, பார்த்தால் சாதாரணமாகத்தான் இருக்கும். உள்ளங்கையும் மூன்று விரலும் வெந்துபோயின.

பிறகு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். தண்ணீர் ஓடுகிற பிடிக்குப் பக்கத்தில், அடியில் இருந்த பீங்கான் படலம் வெடித்து உரிந்திருந்தது. மேலே இருந்த இரண்டு கோடும் அங்கேயே உலோகத்தைத் தொட்டுவிட்டன. நுனியில் என்ன சூடு இருந்தாலும் அது கிட்டத்தட்ட அந்தக் குளிர்ந்த ஓரத்தின் சூட்டைத்தான் சொல்லும். அறுந்துபோயிருந்தால் திரையில் கோளாறு என்று காட்டியிருக்கும், நாங்கள் உஷாராகியிருப்போம். இது அறுந்துபோகவில்லை. நிம்மதியான ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஏனோ உன் "ஒண்ணுமில்லப்பா" ஞாபகம் வந்தது. அப்போதைக்கு அதை ஒதுக்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காந்தி மார்க்கெட்டில் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பாய் வீட்டுக்குப் போனேன். அவர் கையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பையை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். காலண்டரைப் பார்த்தேன், மின்விசிறியைப் பார்த்தேன். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"பழம் வாங்கிட்டு வந்தீங்க, சந்தோஷம். வந்ததுலேருந்து சுவத்தப் பாத்துக்கிட்டே இருக்கீங்களே. வலிக்குதான்னு அவருகிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாங்க?"

"விடு, மேடம் அப்படித்தான். அவங்களுக்கே பாவம் மனசு சரியில்ல" என்றார் பாய்.

"மனசு சரியில்லன்னா வாயத் தொறந்து சொல்லணும். ஆரஞ்சு சொல்லுமா?"

எனக்கு முகம் சுட்டது. "வலிக்குதா பாய்?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். அவர் அரை மணி நேரம் பேசினார். வலி ஒரு பக்கம் இருக்கட்டும், விரல் மடங்காமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, அதை வீட்டில் சொல்லவில்லை என்றார். அவர் மனைவி அங்கேயே நின்று அதை முதல் தடவையாகக் கேட்டார்கள். ஆறிவிட்டது என்று நான் சொன்னது என் தப்பு என்று அப்போதுதான் என்னாலும் சொல்ல முடிந்தது. "அது தெரியும் மேடம். நீங்க சொல்றீங்களான்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். நான் கேட்டதால் அவருக்கு வலி கூடிவிடவில்லை. எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. நாற்பது வயது தாண்டிய பெண்ணுக்கு இது ஆச்சரியமா என்று நீ சிரிக்கலாம். இப்போது அவர் கை சரியாகிவிட்டது, சுண்டுவிரல் மட்டும் முழுதாக மடங்காது. டீக்கடையில் நான் டம்ளரை நீட்டினால், "ஆறிடுச்சுன்னு மட்டும் சொல்லிடாதீங்க மேடம், அப்புறம் நான் குடிக்க மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் கிண்டல் செய்கிறார்.

பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது எனக்குப் புரிந்தது. இரண்டாவது டப்பாவும் குடையும் நான் உனக்கு வாங்கிக்கொண்டு வந்த ஆரஞ்சு. பேராசிரியர் சொன்னதில் எனக்கு வசதியான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பதும் அன்றுதான் உறைத்தது. ஒரு படலம் போட மூன்று வாரம் ஆகிறது என்றால், அதில் இரண்டு வாரத்துக்கு மேல் அதை ஒட்டவைப்பதற்குத்தான் போகிறது. தேய்ப்போம், கழுவுவோம், சூடேற்றுவோம், அடிப்படலம் போடுவோம், டேப் ஒட்டிப் பிய்த்துப் பார்ப்போம். ஒட்டாத படலம் எவ்வளவு மெல்லிசாக இருந்து என்ன? அதன் நுனி பிளேடைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பிளேடு படுகிற பாட்டை அதுவும் படவேண்டும். தினமும் என் கையால் செய்கிற வேலை அது. வீட்டுக்கு அதைக் கொண்டுவரத் தோன்றவில்லை. மெல்லிசாக இருந்தால் போதும் என்று தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

நீ என் கண்ணையும் எடுத்துக்கொண்டு பிறந்திருக்கிறாய், என் கூச்சத்தையும் எடுத்துக்கொண்டு பிறந்திருக்கிறாய். கண் உன்னை நன்றாக வாழவைக்கும். மற்றதைப் பார்த்துக்கொள். போகிற இடத்தில் உன் அறைக்குப் பக்கத்து அறையில் ஒரு பையன் நாலு நாள் வெளியே வராமல் இருந்தால், அவன் வாசலில் சாப்பாட்டை வைத்துவிட்டு வராதே. கதவைத் தட்டு. உனக்கும் அப்படி நாட்கள் வரும். குளிர் ஊரில் சீக்கிரம் இருட்டிவிடும் என்கிறார்கள். அப்போது அப்பாவுக்கு போன் செய். அவர் கத்துவார், சுற்றி இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும், ஆனால் என்ன ஆச்சு என்று அவர் கேட்டுவிடுவார். அவரிடம் ஏதாவது சொல்லிப் பழகு. நீ பயந்த அளவுக்குப் பயப்பட வேண்டிய ஆள் இல்லை அவர். காலேஜ் கடிதம் வந்த வாரம் முழுக்க அவர் கடையில் ஒரு காயில்கூடச் சரியாகக் கட்டவில்லை என்பது உனக்குத் தெரியாது.

எனக்கு நீ தப்பு செய்தாய் என்ற எண்ணம் துளியும் இல்லை. பத்தொன்பது வயதில் ஒருவன் ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காதலா, காலேஜில் யாராவது ஏதாவது செய்தார்களா, படிப்பே பிடிக்கவில்லையா, நான் எதையெல்லாமோ ஊகித்திருக்கிறேன். எல்லாம் தூரத்திலிருந்து எடுத்த கணக்கு. ஒன்றையும் நம்ப முடியாது. நீ திரும்பி எழுந்துபோன அந்த இருபதாம் நாளை நினைக்கும்போதெல்லாம், அதை நீ தனியாகச் செய்தாய் என்பதில் எனக்குப் பெருமையும் வருகிறது, அழுகையும் வருகிறது.

இதை உன் பெட்டியின் மேல் வைக்கிறேன். நீ வந்து படிப்பாய். நான் சமையலறையில் இருப்பேன். படித்ததும் நீயாக வந்து ஒன்றும் சொல்ல வேண்டாம். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார். நான் வந்து உன் பக்கத்தில் உட்காருவேன். எழுதியது போதும் என்று விட்டுவிடக் கூடாது, அந்த நாட்களில் உனக்கு என்ன ஆயிற்று என்று நான் வாயால் கேட்க வேண்டும். எனக்கு அது சுலபமாக வராது. முதலில் வேறு ஏதாவது பேசுவேன். எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போவேன். அடுப்பு அணைத்தேனா என்று பார்க்கப் போவேன். உனக்குப் பார்க்கப் பாவமாக இருக்கும், "பரவால்லம்மா, விடு" என்று சொல்லத் தோன்றும். அதைச் சொல்லாதே. பதில் இன்றைக்கே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இப்போது முடியாது என்றால் முடியாது என்று சொல், அங்கே போய் ஒரு வருடம் கழித்துச் சொல், சொல்லாமலும் இரு. எனக்கு வேண்டியது ஒன்றுதான். எவ்வளவு நேரம் ஆனாலும், நான் கேட்டு முடிக்கிற வரைக்கும் எழுந்து போகாதே.

அம்மா